எழுத்துகளை எண்ணிய மனிதர்: ஸ்கிராபிள் ஆட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸின் கதை

ஏழு எழுத்து கைக்கு வருகிறது. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பார்க்கிறீர்கள். ஒன்றும் தேறவில்லை. கடைசி எழுத்தை எடுத்து முதலில் வைத்ததும் சட்டென்று ஒரு சொல் எழுந்து நிற்கிறது. செல்போனில் சொல் விளையாட்டு ஆடுகிற எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். கொடுத்த எழுத்துகளுக்குள் சொல் தேடுவது பாதி மூளை, பாதி அதிர்ஷ்டம் என்று நாம் சொல்லிக்கொள்வோம்.

அந்தப் பாதி அதிர்ஷ்டத்தை ஒருத்தர் உட்கார்ந்து அளந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எந்த எழுத்து எத்தனை தடவை உங்கள் கைக்கு வரலாம், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்றெல்லாம் அவர் போட்ட கணக்கு இது. அதுவும் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், வேலை இல்லாமல் வீட்டில் இருந்தபோது, செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. அவர் பெயர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ். ஸ்கிராபிள் என்ற ஆட்டத்தின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் யாருக்கும் தெரியாது.

வேலை போன கட்டடக் கலைஞர்

1899 ஏப்ரல் 13-ம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பொகீப்சி என்ற ஊரில் பிறந்தார் பட்ஸ். அப்பா வக்கீல், அம்மா உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து 1924-ல் பட்டம் வாங்கினார். நியூயார்க்கில் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. திருமணம் ஆனது. குவீன்ஸ் பகுதியில் ஜாக்சன் ஹைட்ஸ் என்ற இடத்தில் குடியிருந்தார். நடுத்தர வர்க்கத்து நிம்மதியான வாழ்க்கை.

1929-ல் பங்குச் சந்தை சரிந்தது. அதைத் தொடர்ந்து வந்த பெருமந்தத்தில் முதலில் அடிவாங்கிய தொழில்களில் ஒன்று கட்டுமானம். கட்டடமே எழும்பாதபோது வரைபடம் போடுகிறவருக்கு என்ன வேலை? 1931-ல் பட்ஸுக்கு வேலை போனது. அமெரிக்காவில் வேலை செய்யக்கூடியவர்களில் நாலில் ஒருவர் வேலையில்லாமல் இருந்த காலம் சீக்கிரமே வரப்போகிறது. இன்னொரு இடத்தில் போய்க் கேட்கலாம் என்ற வழியே இல்லை.

கொஞ்ச நாள் ஓவியம் வரைந்தார், எழுதவும் முயன்றார். சோறு போடுகிற அளவுக்கு எதுவும் அமையவில்லை. அப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. காசில்லாத காலத்தில் ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்து பொழுதைப் போக்க ஏதாவது வேண்டும். ஒரு புது விளையாட்டு செய்தால் விற்கும் அல்லவா?

இங்கேதான் மனுஷன் கட்டடக் கலைஞர் என்பது தெரிகிறது. உடனே பலகையை வெட்ட உட்காரவில்லை. ஏற்கெனவே இருக்கிற ஆட்டங்களை எல்லாம் ஆராய்ந்து ஒரு கட்டுரையே எழுதினார். அவர் பார்த்தவரையில் ஆட்டங்கள் மூன்று வகை. பகடை, பிங்கோ மாதிரி எண்ணை வைத்து ஆடுவது ஒன்று. சதுரங்கம் மாதிரி காய் நகர்த்துவது ஒன்று. எழுத்தையும் சொல்லையும் வைத்து ஆடுவது மூன்றாவது. முதல் வகை முழுக்க அதிர்ஷ்டம், இரண்டாவது முழுக்கத் திறமை. மூன்றாவது வகையில் அப்போது இருந்தது எழுத்துகளைக் கலைத்து அடுக்கிச் சொல் செய்கிற அனகிராம் விளையாட்டு. விக்டோரியா ராணி காலத்திலிருந்தே வரவேற்பறைகளில் ஆடிவந்த ஆட்டம் அது. ஆனால் சரியான மதிப்பெண் முறை கிடையாது. அதனால்தான் அது பெரிதாகப் பரவவில்லை என்பது அவர் கணிப்பு. அதிர்ஷ்டமும் திறமையும் பாதிப் பாதியாக இருக்கிற, மதிப்பெண் போடக்கூடிய ஒரு சொல் விளையாட்டுதான் காலியாக இருக்கிற இடம் என்று முடிவுக்கு வந்தார்.

புதையல் கதையும் நாளிதழும்

சொல் விளையாட்டு செய்வதில் முதல் சிக்கல் இதுதான்: ஒரு பையில் எந்தெந்த எழுத்தை எத்தனை போடுவது? ஆங்கிலத்தின் 26 எழுத்துகளையும் சமமாகப் போட்டால் ஆட்டம் நகராது. கையில் க்யூவும் எக்ஸும் வந்து உட்கார்ந்துகொள்ளும், உயிரெழுத்துக்கு நாக்கு வறளும்.

எட்கர் ஆலன் போ 1843-ல் எழுதிய 'தி கோல்டு பக்' என்ற கதை பட்ஸுக்கு வழிகாட்டியது என்பார்கள். கடற்கொள்ளையன் புதைத்த பொக்கிஷத்துக்கான வழி, குறியீடுகளால் எழுதப்பட்ட ஒரு தோல் துண்டில் இருக்கும். கதையின் நாயகன் எந்தக் குறி அதிகமாக வருகிறது என்று எண்ணுவான். ஆங்கிலத்தில் அதிகம் புழங்குவது 'ஈ' எழுத்து, எனவே அதிகமாக வருகிற குறி 'ஈ'யாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆரம்பித்து முழுச் செய்தியையும் படித்துவிடுவான்.

கதை சுவாரசியமானதுதான். ஆனால் போ அதில் கொடுத்திருக்கிற எழுத்து வரிசையை அப்படியே நம்ப முடியாது. ஆங்கில எழுத்தில் 'ஈ'க்கு அடுத்து அதிகம் வருவது 'டீ' (தேநீருக்குச் சொல்கிற அதே உச்சரிப்பு உள்ள எழுத்து). போவின் பட்டியலில் அது பத்தாவது இடத்தில் கிடக்கிறது. கதைக்கு அது போதும், ஆட்டத்துக்குப் போதாது.

பட்ஸ் தானே எண்ண ஆரம்பித்தார். நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கம், நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன், சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் என்று கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்து வைத்து, ஒவ்வொரு எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டுக் குறித்தார். ஆயிரக்கணக்கான எழுத்துகள். இன்று நாலு வரி நிரல் எழுதினால் ஒரு நொடியில் முடிகிற வேலை. அன்று பென்சிலும் தாளும் பொறுமையும் மட்டும்தான்.

அந்தக் கணக்கின் பலன் இன்றைக்கும் ஸ்கிராபிள் பையில் அப்படியே இருக்கிறது. மொத்தம் 100 கட்டை. அதில் 'ஈ' 12. 'ஏ'யும் 'ஐ'யும் ஒன்பது ஒன்பது. 'ஓ' எட்டு. 'யூ' நாலு. க்யூ, இசட், ஜே, எக்ஸ், கே எல்லாம் ஒற்றைக்கு ஒற்றை. எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம் என்ற வெற்றுக் கட்டை இரண்டு. அடிக்கடி வருவதற்கு ஒரு புள்ளி, அரிதாக வருவதற்கு அதிகப் புள்ளி. க்யூவுக்கும் இசட்டுக்கும் பத்து.

நீங்களே கூட்டிப் பாருங்கள். வெற்றுக் கட்டை இரண்டை விட்டால் மீதி 98. அதில் உயிரெழுத்து 42. அதாவது சரியாக ஏழுக்கு மூன்று. ஆட்டக்காரர் கையில் வைத்திருப்பதும் ஏழு எழுத்துதான். சராசரியாக மூன்று உயிரெழுத்து, நாலு மெய்யெழுத்து கைக்கு வரும். சொல் அமைய இதைவிடத் தோதான கலவை கிடைப்பது கஷ்டம். சில சமயம் ஏழும் உயிரெழுத்தாக வந்து நம்மைக் கடுப்பேற்றுவதும் உண்டு. சராசரி என்றால் அப்படித்தான்.

எஸ் மட்டும் ஏன் நாலு?

எண்ணியதை அப்படியே பைக்குள் கொட்டியிருந்தால் பட்ஸை இவ்வளவு பேச வேண்டியதில்லை. கணக்கு சொன்னதை மீறிய இடங்களும் உண்டு. எஸ் நல்ல உதாரணம். ஆங்கிலத்தில் நிறைய வருகிற எழுத்து அது. பட்ஸ் வேண்டுமென்றே நாலோடு நிறுத்தினார். எந்தப் பெயர்ச்சொல்லின் கடைசியிலும் ஒரு எஸ்ஸை ஒட்டிப் பன்மை ஆக்கிவிடலாம், அடுத்தவர் வைத்த சொல்லின் மேல் நோகாமல் சவாரி செய்யலாம். ஆட்டம் ரொம்பச் சுலபமாகிவிடும் என்பது அவர் கவலை. இன்று கைதேர்ந்த ஆட்டக்காரர்கள் எஸ் வந்தால் அவசரப்பட்டுச் செலவழிக்காமல் பத்திரப்படுத்துவதற்கு இந்த நாலுதான் காரணம்.

எச் எழுத்தும் கவனிக்க வேண்டியது. சாதாரண ஆங்கில உரைநடையில் எச் ஏராளமாக வரும். ஸ்கிராபிளில் இரண்டே இரண்டு. 'தி', 'தட்', 'திஸ்', 'தே', 'ஹீ', 'ஷீ' என்று ஒரே மாதிரி சில சொற்கள் வரிக்கு வரி வந்து அந்த எழுத்தின் எண்ணிக்கையை ஏற்றிவிடுகின்றன. ஆட்டத்தில் யாரும் 'தி'யைப் பத்து தடவை வைக்கப் போவதில்லை. செய்தித்தாளில் ஒரு எழுத்து எத்தனை முறை வருகிறது என்பது வேறு, அகராதியில் எத்தனை சொல்லுக்குள் இருக்கிறது என்பது வேறு. ஆட்டத்துக்கு வேண்டியது இரண்டும் கலந்த ஒரு கணக்கு. பட்ஸின் பையைப் பார்த்தால் அந்தக் கலவை தெரிகிறது.

இன்னொரு வேடிக்கை, வி எழுத்து. ஸ்கிராபிள் ஏற்கிற இரண்டெழுத்துச் சொற்கள் நூறுக்கும் மேல் இருக்கின்றன. ஒன்றில்கூட வி கிடையாது. கடைசி நேரத்தில் கையில் வி மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த வலி தெரியும்.

கொடுத்த எழுத்தில் சொல் எப்படி அகப்படுகிறது?

பட்ஸின் கதையை இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு, அவர் கொடுத்த ஏழு எழுத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்துவிடலாம்.

ஆங்கிலத்தில் 'சைலன்ட்' என்ற சொல்லில் ஆறு எழுத்து. அதே ஆறு எழுத்தைக் கலைத்தால் 'லிசன்' வரும். இது வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வந்த சங்கதிதான். அதோடு நிற்கவில்லை. 'என்லிஸ்ட்', 'டின்சல்', 'இன்லெட்ஸ்' மூன்றும்கூட அதே ஆறு எழுத்துதான். ஆறு எழுத்தை மொத்தம் 720 விதமாக அடுக்கலாம். அதில் எல்லோருக்கும் தெரிந்த சொல் இந்த ஐந்து. மீதி எழுநூற்றுச் சொச்சமும் குப்பை. ஏழு எழுத்து என்றால் 5,040 அடுக்கு. அதிலேயே இரண்டெழுத்து, மூன்றெழுத்து என்று சின்னச் சொற்களையும் சேர்த்துத் தேடினால் 13,692 அடுக்குகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் விடிந்துவிடும்.

எழுத்தைக் கொடுத்தால் சொல்லைத் தருகிற செயலிகள் இருக்கின்றனவே, அவை இந்த 13,692-ஐயும் அகராதியோடு ஒப்பிடத் தேவையில்லை. ஒரு எளிய தந்திரம் இருக்கிறது. அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் முன்கூட்டியே அகரவரிசையில் அடுக்கி வைத்துவிடலாம். மேலே சொன்ன ஐந்து சொற்களுக்கும் அப்படி அடுக்கினால் ஈ, ஐ, எல், என், எஸ், டீ என்று ஒரே சாவிதான் வரும். அந்தச் சாவியின் கீழ் ஐந்து சொல்லும் ஒரே பெட்டியில் இருக்கும். நீங்கள் கொடுக்கிற எழுத்துகளையும் அதேபோல் அடுக்கி, சாவியைப் போட்டுப் பெட்டியைத் திறந்தால் முடிந்தது. ஏழும் வெவ்வேறு எழுத்தாக இருந்தால், சின்னச் சொற்களையும் சேர்த்து 120 சாவிகள் போதும். 13,692 எங்கே, 120 எங்கே!

கை தேர்ந்த ஆட்டக்காரர்களில் பலர் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். கைக்கு வந்த எழுத்துகளை அகரவரிசையில் வைத்துப் பார்த்துப் பழகி, அந்த வரிசையைப் பார்த்ததுமே சொல் நினைவுக்கு வரும்படி மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்களின் எழுத்துக் கோவையை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டு போய் ஜெயித்துவிட்டு வந்தார்.

நம்மைப் போன்றவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கையில் இருக்கிற எழுத்துகளில் சொல்லின் வாலாக வரக்கூடியவற்றை முதலில் ஓரமாகப் பிரித்து வையுங்கள். 'இங்', 'எர்', 'எஸ்ட்' மாதிரி. தலையாக வரக்கூடிய 'ரீ', 'அன்' போன்றவற்றை இந்தப் பக்கம் வையுங்கள். ஏழு எழுத்துக் குழப்பம் நாலு எழுத்துக் குழப்பமாகச் சுருங்கிவிடும். கட்டைகளை அடிக்கடி இடம் மாற்றுவதும் உதவும். ஒரே வரிசையில் வெறித்துப் பார்த்தால் கண் அதே ஓசையைத்தான் படித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று, எதை வைக்கிறோம் என்பதோடு எதை மிச்சம் வைக்கிறோம் என்பதும் முக்கியம். உயிரும் மெய்யும் கலந்து மிச்சம் இருந்தால் அடுத்த முறை சொல் வரும். பையில் என்னென்ன இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், பலகையில் கிடப்பதைக் கழித்தால் எதிராளி கையிலும் பையிலும் என்ன பாக்கி என்று கணக்குப் போட்டுவிடலாம். பட்ஸ் எண்ணியதை ஆட்டக்காரர்கள் இப்போது பின்னாலிருந்து எண்ணுகிறார்கள்.

யாரும் வாங்காத ஆட்டம்

1930-களின் தொடக்கத்தில் பட்ஸ் செய்த முதல் ஆட்டத்தின் பெயர் லெக்சிகோ. அதில் பலகை கிடையாது. எழுத்துக் கட்டைகளை எடுத்து நீளமான சொல் அமைக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டைகளைத் தானே கையால் செய்தார். மெல்லிய மரத்தை வெட்டி, அதன் மேல் தான் வரைந்த எழுத்தை ஒட்டினார். நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் விற்றார். கைக்காசுதான் போயிற்று.

பெரிய விளையாட்டு நிறுவனங்களான மில்டன் பிராட்லியும் பார்க்கர் பிரதர்ஸும் வேண்டாம் என்றன. சைமன் அண்டு ஷூஸ்டர் பதிப்பகமும் கையை விரித்துவிட்டது. குறுக்கெழுத்துப் புதிர்களை 1924-ல் முதல்முதலாகப் புத்தகமாகப் போட்டு அள்ளிக் குவித்தவர்கள் அவர்கள். சொல் விளையாட்டுக்கு எவ்வளவு சந்தை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. காப்புரிமை கேட்டுப் போன இடத்திலும் மறுப்புதான்.

பட்ஸ் விடவில்லை. 1938-ல் ஒரு பெரிய மாற்றம் செய்தார். குறுக்கெழுத்து மாதிரி சொற்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும்படி 15-க்கு 15 கட்டம் உள்ள பலகையைச் சேர்த்தார். கையில் ஏழு எழுத்து என்று ஆக்கினார். சில கட்டங்களில் வைத்தால் மதிப்பெண் இரட்டிப்பு, மும்மடங்கு. பெயர், கிறிஸ் கிராஸ் வேர்ட்ஸ். அதாவது இன்று நாம் ஆடுகிற ஆட்டம் முக்கால்வாசி அப்போதே தயார். பலகைகளைத் தன் கட்டட வரைபடக் கருவிகளைக் கொண்டே வரைந்தார், புளூபிரிண்ட் எடுத்து ஒட்டினார். மறுபடியும் நிறுவனங்களிடம் கொண்டுபோனார். மறுபடியும் வேண்டாம் என்றார்கள்.

இதற்குள் பொருளாதாரம் கொஞ்சம் தேறி, பட்ஸுக்குப் பழைய நிறுவனத்திலேயே வேலை திரும்பக் கிடைத்தது. ஆட்டம் பொழுதுபோக்காகச் சுருங்கியது. ஜாக்சன் ஹைட்ஸில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் அக்கம்பக்கத்தவரைக் கூட்டி வைத்து ஆடிக்கொண்டிருந்தார். மனைவி நைனா அவரைவிட நன்றாக ஆடுவார். பட்ஸுக்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுவது சுமாராகத்தான் வரும், அதை அவரே ஒப்புக்கொண்டவர். ஸ்பெல்லிங் தகராறு உள்ள ஒருத்தர்தான் உலகத்துக்கே ஸ்பெல்லிங் விளையாட்டைக் கொடுத்தார்!

பெயர் மாறியது, காசு வந்தது

பட்ஸ் கையால் செய்து விற்ற செட்டுகளில் ஒன்று ஜேம்ஸ் புரூனோ என்பவரிடம் இருந்தது. அரசுப் பணியில் இருந்தவர், சொந்தமாக ஒரு தொழில் தொடங்க ஆசைப்பட்டவர். 1948-ல் பட்ஸிடம் உரிமையை வாங்கிக்கொண்டார். விற்கிற ஒவ்வொரு செட்டுக்கும் பட்ஸுக்கு ஒரு சிறு பங்கு என்று பேச்சு. புரூனோ சிறப்புக் கட்டங்களை இடம் மாற்றினார், விதிகளை எளிமையாக்கினார், பெயரையும் மாற்றினார். ஸ்கிராபிள் என்றால் ஆங்கிலத்தில் கையால் பரபரவென்று துழாவுவது என்று பொருள். பைக்குள் கைவிட்டு எழுத்துத் தேடுவதற்குப் பொருத்தமான பெயர்தான். 1948 டிசம்பரில் அது பதிவானது. பட்ஸின் எழுத்துக் கணக்கில் மட்டும் அவர் கைவைக்கவில்லை.

கனெக்டிகட் மாநிலத்தில் கைவிடப்பட்ட ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் வேலை தொடங்கியது. மரக்கட்டையில் ஒவ்வொரு எழுத்தாக அச்சுக் குத்தினார்கள். 1949-ல் 2,400 செட் செய்தார்கள், நஷ்டம்தான். இப்படியே இழுத்துக்கொண்டு போயிருக்கும். 1952-ல் ஒரு திருப்பம். மேசிஸ் என்ற பெரிய பல்பொருள் அங்காடியின் தலைவர் ஜாக் ஸ்ட்ராஸ் விடுமுறைக்குப் போன இடத்தில் இந்த ஆட்டத்தை ஆடியிருக்கிறார். ஊர் திரும்பியதும் தன் கடையிலேயே அது இல்லை என்று தெரிந்து ஆச்சரியப்பட்டு ஆர்டர் கொடுத்தார் என்பது எல்லோரும் சொல்கிற கதை. அதற்கப்புறம் வேண்டும் வேண்டும் என்று கேட்டவர்களுக்குச் செய்து கொடுத்து மாளவில்லை. முன்பு வேண்டாம் என்று சொன்ன செல்ச்சோ அண்டு ரைட்டர் நிறுவனமே பெரிய அளவில் தயாரிக்க உரிமம் வாங்கியது. 1954-ல் மட்டும் கிட்டத்தட்ட 40 லட்சம் செட் விற்றது.

இதில் பட்ஸுக்குக் கிடைத்தது என்ன? செட்டுக்குச் சில சென்ட். 1972-ல் செல்ச்சோ நிறுவனம் வணிக உரிமையை முழுசாக வாங்கிக்கொண்டபோது அவருக்குக் கிடைத்தது சுமார் 2,65,000 டாலர். புரூனோவுக்கு அதைப் போலப் பல மடங்கு. இதைப் படிக்கும்போது நமக்குத்தான் வயிறு எரிகிறது. பதினேழு வருஷம் கையிலேயே சுமந்துகொண்டு அலைந்தது யார், எழுத்தை எண்ணியது யார்? ஆனால் துணிந்து முதல் போட்டு, நஷ்டத்தில் ஓட்டிக் கடைவரைக்கும் கொண்டுபோனது புரூனோ. அதையும் சொல்லத்தான் வேண்டும். பட்ஸ் எங்கேயும் புலம்பியதாகத் தெரியவில்லை. வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வரிக்குப் போயிற்று, ஒரு பங்கைத் தானம் செய்துவிட்டேன், மீதியில் சந்தோஷமாக வாழ்ந்தேன் என்ற தோரணையில்தான் கணக்குச் சொன்னார். கிராமத்தில் தன் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த பழைய வீட்டைத் திரும்ப வாங்க அந்தப் பணம் உதவியது.

அவர் கட்டடக் கலைஞர் வேலையை விடவும் இல்லை. ஓய்வு பெறும்வரை அதே தொழில்தான். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஒரு குடியிருப்பு வளாகத்தின் வடிவமைப்பில் அவர் பங்கு உண்டு. ஸ்டான்ஃபோர்டுவில் என்ற சிற்றூரின் பொது நூலகம் அவர் வரைந்தது. எண்பதைத் தாண்டிய பிறகும் இன்னொரு ஆட்டம் செய்தார். 1985-ல் வெளிவந்த அதற்கு ஆல்ஃபிரட்ஸ் அதர் கேம் என்றே பெயர் வைத்தார்கள். அது பெரிதாக ஓடவில்லை.

மொழிக்கு மொழி வேறு பை

ஸ்கிராபிள் பல மொழிகளுக்குப் போனபோது பட்ஸின் பையை யாராலும் அப்படியே கொண்டுபோக முடியவில்லை. அவர் வழியை மட்டும்தான் கொண்டுபோனார்கள். ஆங்கிலத்தில் பத்துப் புள்ளி பெறுகிற இசட், போலந்து மொழி ஆட்டத்தில் ஒரு புள்ளிக் கட்டை. அங்கே அது அவ்வளவு சாதாரணம். மலாய் ஆட்டத்தில் 'ஏ' கட்டை மட்டும் 19. பிரெஞ்சில் 'ஈ' 15.

தமிழுக்கு என்றால் எண்ணுவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். 'கா' ஒரு கட்டையா, ககரமும் துணைக்காலுமாக இரண்டு கட்டையா? 247 எழுத்துக்கும் தனித்தனிக் கட்டை செய்தால் பை தாங்காது. துணைக்காலையும் கொம்பையும் பிரித்தால் தனியாக நிற்காத கட்டைகள் கையில் தங்கும். எந்த வழியில் போனாலும், யாராவது ஒருவர் நாளிதழையோ அகராதியையோ விரித்து வைத்து முதலிலிருந்து எண்ணித்தான் ஆக வேண்டும்.

ஆங்கிலத்திலும் மாற்றம் நின்றுவிடவில்லை. 2006-ல் அமெரிக்க ஆட்ட அகராதியில் இரண்டு குட்டிச் சொற்கள் புதிதாக நுழைந்தன. ஒன்று, உயிராற்றலைக் குறிக்கிற சீனச் சொல், க்யூவும் ஐயும் மட்டும் சேர்ந்தது. இன்னொன்று பீட்ஸாவின் செல்லச் சுருக்கம், இசட்டும் ஏயும் சேர்ந்தது. ஒரே நாளில் இரண்டு பெரிய தலைவலி எழுத்துகளும் வைக்கச் சுலபமானவை ஆகிவிட்டன. பத்துப் புள்ளி இனி நியாயமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். புள்ளிகள் மாறவில்லை.

பட்ஸ் 1993 ஏப்ரல் 4-ம் தேதி, 94-வது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது காலமானார். நைனா அவருக்கு முன்பே 1979-ல் போய்விட்டார். உலகம் முழுக்க இதுவரை 15 கோடிக்கும் மேல் ஸ்கிராபிள் செட்டுகள் விற்றிருப்பதாகச் சொல்கிறார்கள். ஏப்ரல் 13-ஐ அமெரிக்காவில் ஸ்கிராபிள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஜாக்சன் ஹைட்ஸில் அவர் ஆட்டம் ஆடிய தேவாலயம் இருக்கிற முனையில், 35-வது அவென்யூவின் தெருப் பெயர்ப் பலகை மட்டும் மற்றதைப் போல இருக்காது. ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே சின்னதாக ஒரு எண் இருக்கும். 1995-ல் வைத்தார்கள். 2008 வாக்கில் பலகை காணாமல் போனது, ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டு 2011-ல் மறுபடியும் வைக்கச் செய்தார்கள். அவென்யூ என்ற சொல்லில் ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. வி எழுத்துக்கு நாலு, மற்ற ஐந்துக்கும் ஒன்று ஒன்று. மொத்தம் ஒன்பது புள்ளி.